பெங்களூரு – சேலம் விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர்? எந்த எண்ணை எழுதுவது?

பாலக்கோடு அம்மா:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, நம் பக்கத்து மக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்களை ஒரு பெரிய தாளில் வரைந்து, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள தூரத்தை எழுதப் போகிறார்கள். பெங்களூரு, சேலம், கோவை, சென்னை என நான்கு நிலையங்கள். முதல் கோட்டிலேயே வேலை நின்றுவிட்டது.

பெங்களூரு – சேலம் தூரத்தை இணையத்தில் தேடினால் ஒரு தளம் 162 என்கிறது, மற்றொன்று 161 என்கிறது. ஓரிடத்தில் 101, ஓரிடத்தில் 87.5. விமானப் பயணத்தின் கரியமில வாயுவைக் கணக்கிடும் பக்கத்தில் 212. வரைபடச் செயலியில் வழி கேட்டால் 220ஐ ஒட்டிக் காட்டுகிறது. நடுவர் கேட்டால் "இணையத்தில் அப்படி இருந்தது" என்று சொல்ல மாட்டேன் என்பதில் அவள் பிடிவாதமாக இருக்கிறாள். கையால் கணக்குப் போட்டுக் காட்ட வழி இருக்கிறதா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற அளவில் சொன்னால் உதவியாக இருக்கும்.

தகடூரான்:

162, 101, 87.5 மூன்றும் ஒரே தூரம்தான் அம்மா. முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது மைல், மூன்றாவது கடல் மைல். விமானிகளும் கப்பல் மாலுமிகளும் கடல் மைலில்தான் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். 87.5ஐ 1.852ஆல் பெருக்கிப் பாருங்கள், 162 வந்துவிடும். எஞ்சியிருப்பவை 161, 212, 220. அவற்றுக்கு விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

நெடுஞ்சாலை 44:

நான் கிருஷ்ணகிரியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். எனக்குத் தெரிந்த தூரம் சக்கரம் உருளும் தூரம்தான். சேலம் விமான நிலையம் ஓமலூருக்குப் பக்கத்தில் கமலாபுரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தொப்பூர் கணவாய் ஏறி, தருமபுரி, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி என்று வந்தால் பெங்களூருவின் தெற்கு வாசலைத்தான் தொட்டிருப்போம். விமான நிலையமோ நகரத்துக்கு வடக்கே, தேவனஹள்ளியில். மொத்த நகரத்தையும் கடக்க வேண்டும். சில்க் போர்டு, ஹெப்பால் வழியாகப் போனால் ஒரு கணக்கு, வெளிவட்டமாகச் சுற்றினால் வேறொரு கணக்கு. 215 வரும், 220 வரும், அதற்கு மேலும் வரும்.

162 என்று தாளில் எழுதினால் அதை நம்பி ஒருவர் காலை ஆறு மணி விமானத்துக்கு வண்டி சொல்வார். அப்புறம் யார் பதில் சொல்வது? பிள்ளைகள் சாலைத் தூரத்தை எழுதுவதே நேர்மை.

கணக்கு வாத்தியார் (கிருஷ்ணகிரி):

தம்பி சொல்வது பயணிக்குச் சரி. ஆனால் தலைப்பு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம். விமானம் சில்க் போர்டில் நிற்பதில்லை. இரண்டு எண்களையும் எழுதட்டும், எது எதற்கு என்று பக்கத்தில் குறிக்கட்டும். கையால் போடும் வழியை நான் சொல்கிறேன்.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. பயணி நுழையும் வாசலை வைத்து அதைத் தீர்மானிப்பதில்லை. பொதுவாக ஓடுபாதைகளின் நடுவை ஒட்டி வைப்பார்கள். அந்தப் புள்ளியின் அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான் கணக்கின் மூலப்பொருள்.

பெங்களூரு: வடக்கு 13.198, கிழக்கு 77.706.
சேலம்: வடக்கு 11.783, கிழக்கு 78.066.

வடக்கு–தெற்கு வித்தியாசம் 1.415 பாகை. கிழக்கு–மேற்கு வித்தியாசம் 0.360 பாகை.

பூமியைச் சராசரியாக 6,371 கி.மீ. ஆரமுள்ள கோளம் என்று வைத்துக்கொண்டால் அதன் சுற்றளவை 360ஆல் வகுக்கும்போது ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. கிடைக்கும். எனவே வடக்கு–தெற்காக 1.415 × 111.2 = 157.3 கி.மீ.

கிழக்கு–மேற்குக் கணக்கில்தான் பிள்ளைகள் சறுக்குவார்கள். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கிவிடும், ஆகவே அந்தத் திசையில் ஒரு பாகை எல்லா இடத்திலும் 111.2 ஆகாது. நடு அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். இங்கே நடு அட்சரேகை 12.49, அதன் கொசைன் 0.976. ஆக 0.360 × 111.2 × 0.976 = 39.1 கி.மீ.

இப்போது செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. 157.3இன் வர்க்கம் 24,743. 39.1இன் வர்க்கம் 1,529. கூட்டினால் 26,272. வர்க்கமூலம் 162.1.

பித்தாகரஸ் தேற்றமும், ஒன்பதாம் வகுப்பில் வரும் கொசைன் அட்டவணையும் போதும். இதை அவளே நடுவர் முன்னால் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம்.

பாலக்கோடு அம்மா:

ஐயா, மிக்க நன்றி. அவள் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டாள், 162.1தான் வருகிறது. அவளுடைய அடுத்த கேள்வி: பூமி உருண்டை, நாம் போட்டதோ தட்டை முக்கோணம். இதே முறையில் பெங்களூருவிலிருந்து ஜெர்மனிக்குத் தூரம் போடலாமா?

ஓசூர்ப் பொறியாளர்:

அருமையான கேள்வி. போடலாம், ஆனால் பொய்யான விடை வரும். நம் ஊர்த் தூரங்களுக்குத் தட்டை முக்கோணத்தால் ஏற்படும் பிழை கண்ணுக்கே தெரியாது. பெங்களூரு – பிராங்க்பர்ட்டுக்கு அதே முறையில் போட்டால் சுமார் 7,720 கி.மீ. வரும். உண்மையான குறுக்குத் தூரம் சுமார் 7,400. ஏறத்தாழ 320 கி.மீ. தவறு.

அவ்வளவு தூரத்துக்குப் பெருவட்டக் கணக்கு வேண்டும். பூமியின் மையத்தையும் இரண்டு ஊர்களையும் தொட்டு ஒரு கத்தியால் வெட்டினால் மேற்பரப்பில் விழும் கோடுதான் பெருவட்டம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோளத்தின் மேல் அதைவிடக் குறுகிய பாதை கிடையாது. மகளிடம் ஒரு பூசணிக்காயைக் கொடுத்து, இரண்டு ஊசி குத்தி, நடுவே நூலை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் தானாகப் போய் விழும் இடம் அதுதான்.

கணக்கில் இதற்கு இரண்டு வழிகள். கொசைன் விதி: இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்க வேண்டும், கொசைன்களைப் பெருக்கி அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனாலும் பெருக்க வேண்டும், இரண்டையும் கூட்டினால் மையத்தில் உண்டாகும் கோணத்தின் கொசைன் கிடைக்கும். கோணத்தை 111.2ஆல் பெருக்கினால் தூரம். பார்க்க எளிது, ஆனால் கிட்டத்து ஊர்களுக்கு இது ஆபத்து. பெங்களூரு – சேலத்துக்கு அந்தக் கொசைன் 0.99968 என்று வரும். பள்ளியில் கொடுக்கும் நான்கு இலக்க அட்டவணையில் அதை 0.9997 என்றுதான் எழுத முடியும், அதிலிருந்து கிடைக்கும் தூரம் 156 கி.மீ. கடைசி இலக்கம் ஒன்று குறைந்து 0.9996 ஆனாலோ 180 கி.மீ. நடுவில் எதுவும் கிடையாது. 162 என்ற விடையை அந்த அட்டவணையால் சொல்லவே முடியாது.

இந்தத் தொல்லையைத் தீர்ப்பதுதான் ஹேவர்சைன் முறை. மாலுமிகள் கால்குலேட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 19ஆம் நூற்றாண்டிலிருந்து, அட்டவணை வைத்துப் பயன்படுத்திய முறை அது. அட்சரேகை வித்தியாசத்தில் பாதியை எடுத்து அதன் சைனை வர்க்கப்படுத்துங்கள். தீர்க்கரேகை வித்தியாசத்துக்கும் அப்படியே செய்து, அதை இரண்டு ஊர் அட்சரேகைகளின் கொசைன்களால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் மையக் கோணத்தில் பாதியின் சைன் கிடைக்கும். சிறு தூரத்திலும் பெருந்தூரத்திலும் இது கைவிடாது. இணையத் தளங்களில் பெரும்பாலும் ஓடுவது இதுதான். கணினி விரிதாளில் போடும்போது பாகையை ரேடியன் என்ற கோண அலகுக்கு மாற்ற மறக்கக் கூடாது.

161 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூமி சரியான உருண்டை இல்லை. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. அந்தத் தட்டைத்தன்மையையும் சேர்த்துக் கணக்கிடும் முறை ஒன்றை 1975இல் வின்சென்டி என்பவர் வெளியிட்டார். நம் அட்சரேகையில், வடக்கு–தெற்காக ஒரு பாகை 111.2 இல்லை, 110.6 கி.மீ.தான். அதை வைத்துப் போட்டால் 161.3 வருகிறது. ஆக 162 கோளக் கணக்கு, 161 நீள்கோளக் கணக்கு. இரண்டு தளங்களும் பொய் சொல்லவில்லை.

நெடுஞ்சாலை 44:

கணக்கு எல்லாம் சரி. முக்கால் கிலோமீட்டர் வித்தியாசத்துக்கு இவ்வளவு பேச வேண்டுமா? யாருக்கு அதனால் என்ன நட்டம்?

காரிமங்கலத்தான்:

நம் மாவட்டத்துக்கே இந்தக் கணக்கில் நட்டமும் இருக்கிறது, லாபமும் இருக்கிறது அண்ணா.

ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அன்று முதல் குறுக்கே நிற்பது ஒரு தூரக் கணக்குதான். பெங்களூரு விமான நிலையத்துக்காக மத்திய அரசு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், அந்த நிலையம் திறந்து 25 ஆண்டுகள் வரை, 150 கி.மீ. வான்வழித் தூரத்துக்குள் வேறு பன்னாட்டு விமான நிலையம் வர அனுமதிக்கக் கூடாது என்று இருக்கிறது. மைசூருவுக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. நிலையம் திறந்தது 2008 மே மாதம். ஆக 2033 வரை தடை.

அங்கே எழுதியிருப்பது வான்வழித் தூரம், சாலைத் தூரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓசூர் எப்படி அளந்தாலும் வட்டத்துக்குள்தான். ஏற்கெனவே தனியார் ஓடுபாதை இருக்கும் பேலகொண்டப்பள்ளியையும் சேர்த்து, ஏறத்தாழ 50 முதல் 60 கி.மீ.தான் வரும். ஆனால் வட்டம் தெற்கே எங்கே முடிகிறது என்று வாத்தியார் ஐயா முறையில் நான் போட்டுப் பார்த்தேன். கிருஷ்ணகிரி நகரம் சுமார் 93 கி.மீ., உள்ளே. தருமபுரி நகரம் சுமார் 129, அதுவும் உள்ளே. தொப்பூர்ப் பக்கம் வரும்போது 150ஐ நெருங்குகிறது. சேலம் விமான நிலையம் 162, வெளியே!

நாம் தினமும் கடக்கும் தொப்பூர் கணவாயை ஒட்டி இப்படி ஒரு கண்ணுக்குத் தெரியாத கோடு ஓடுகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி நகரங்கள் இரண்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம். நேற்று வரை எனக்கு இது தெரியாது. பிள்ளைகள் தாளில் அந்த வட்டத்தையும் வரைய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தகடூரான்:

சாலைத் தூரம் என்று எழுதியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். தேவனஹள்ளியிலிருந்து சாலையில் 150 கி.மீ. வந்தால் தருமபுரி நகரம்கூட வராது, காரிமங்கலம் அளவில் நின்றுவிடும் என்று நினைக்கிறேன். வான்வழி என்ற ஒரு சொல்லால் நம் மாவட்டத்தின் பெரும்பகுதி உள்ளே இழுக்கப்பட்டிருக்கிறது.

கணக்கு வாத்தியார் (கிருஷ்ணகிரி):

காரிமங்கலத் தம்பியின் கணக்கைச் சரிபார்த்தேன், சரியாக இருக்கிறது. ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். 0.01 பாகை என்றால் 1.1 கி.மீ. அட்சரேகையை இரண்டு தசம இடங்களோடு நிறுத்திவிட்டு, எல்லைக்கோட்டில் இருக்கும் ஓர் ஊர் உள்ளேயா வெளியேயா என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. சேலத்துக்கு 11, 12 கி.மீ. இடைவெளி இருப்பதால் கோளத்தில் போட்டாலும் நீள்கோளத்தில் போட்டாலும் தீர்ப்பு மாறாது. தொப்பூர்ப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. நெடுஞ்சாலைத் தம்பி கேட்ட முக்கால் கிலோமீட்டரின் மதிப்பு அங்கேதான் தெரியும்.

தேவனஹள்ளி இரவுப்பணி:

நான் மத்தூர்க்காரன். பெங்களூரு விமான நிலையத்தில் தரைப் பணியில் இருக்கிறேன். 162ஐ யாரும் அப்படியே பறப்பதில்லை என்பதைச் சொல்ல வந்தேன்.

இங்கே உள்ள இரண்டு ஓடுபாதைகளும் தலா 4,000 மீட்டர், இரண்டும் கிழக்கு–மேற்காக இருக்கின்றன. சேலம் தெற்கே இருக்கிறது. விமானம் காற்றுக்கு ஏற்பக் கிழக்கிலோ மேற்கிலோ கிளம்பி, உயர்ந்து, அதன் பிறகுதான் தெற்கே திரும்ப வேண்டும். இறங்கும்போதும் ஓடுபாதைக்கு நேராக வரச் சுற்ற வேண்டும். நடுவில் கட்டுப்பாட்டு அறை சொல்லும் வழித்தடம். இவை எல்லாம் சேரும்போது குறுக்குத் தூரத்தைவிடக் கூடும். நீண்ட பயணத்தில் இந்தக் கூடுதல் பெரிதாகத் தெரியாது, சேலம் மாதிரிக் குட்டிப் பயணத்தில் நன்றாகவே தெரியும்.

அம்மா கேட்ட 212 இதனால் வந்ததுதான். கரியமில வாயுவைக் கணக்கிடுவதற்குப் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்த முறையில், பெருவட்டத் தூரம் 550 கி.மீ.க்குள் இருந்தால் 50 கி.மீ. கூட்டிக்கொள்வார்கள். 5,500 வரை 100, அதற்கு மேல் 125. நம்முடைய 162உடன் 50ஐக் கூட்டுங்கள்.

பெருவட்டம் நேரில் எப்படி இருக்கும் என்று மகளுக்குக் காட்ட வேண்டுமானால், பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் கிழக்கே பசிபிக் கடல் மேல் நேர்கோடு போட்டால் அந்தக் கோட்டின் நீளம் சுமார் 16,100 கி.மீ. பெருவட்டத்தில் சுமார் 13,990தான். அந்தப் பெருவட்டம் இங்கிருந்து கிழக்கே போவதில்லை. கிட்டத்தட்ட வடக்கே கிளம்பி, சைபீரியாவின் வடகோடியில் 71ஆம் அட்சரேகை வரை ஏறி, பிறகுதான் அமெரிக்கா பக்கம் இறங்குகிறது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் மட்டுமே இயக்கிய முதல் சான் பிரான்சிஸ்கோ – பெங்களூரு விமானம் வட துருவத்தின் மேலேயே பறந்து வந்தது. வரைபடத்தை மட்டும் பார்த்தவருக்கு அது சுற்றுவழியாகத் தோன்றும். பூகோள உருண்டையைக் கையில் எடுத்தால் காரணம் விளங்கும்.

மத்தூர் மாமா:

பணம் சம்பந்தப்பட்ட இடத்திலும் இந்தக் கணக்கு வருகிறது, அதனால் எழுதுகிறேன். என் தங்கை மகன் ஐரோப்பிய விமானம் ஒன்றில் பெங்களூருவிலிருந்து பிராங்க்பர்ட் போய், அங்கே மாறி ஹாம்பர்க் போனான். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாமதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி இழப்பீடு தூரத்தைப் பொறுத்தது: 1,500 கி.மீ. வரை 250 யூரோ, 3,500 வரை 400, அதற்கு மேல் 600. தூரத்தைப் பெருவட்ட முறையில்தான் அளக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. வழியில் விமானம் மாறினாலும், கிளம்பிய ஊருக்கும் கடைசி ஊருக்கும் நடுவே உள்ள நேரடித் தூரம்தான் கணக்கு, துண்டு துண்டாகக் கூட்டக் கூடாது என்று 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவனுக்கு எப்படி அளந்தாலும் 3,500ஐத் தாண்டியதால் சிக்கல் இல்லை. எல்லையை ஒட்டி இருப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் விமானம் ரத்தானால் தூரத்தைப் பார்ப்பதில்லை, பயண நேரத்தைப் பார்க்கிறார்கள். ஒரு மணி நேரம் வரை 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும்.

நெடுஞ்சாலை 44:

தொப்பூர்க் கோட்டைப் பற்றிப் படித்த பிறகு வான்வழித் தூரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சாலைத் தூரத்தைக் கட்டாயம் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள் அம்மா. 2023 அக்டோபரில் சேலத்திலிருந்து விமானங்கள் மறுபடி தொடங்கியபோது, தருமபுரிக்காரர்கள் பலர் "சேலமா, பெங்களூருவா, எது கிட்டம்" என்று என்னைக் கேட்டார்கள். குறுக்குக் கோட்டிலேயே சேலம் கிட்டம்தான். சாலையில் வந்தால் அந்த வித்தியாசம் இன்னும் கூடுதலாகத் தெரியும், பெங்களூரு நகரத்தைக் கடக்கும் நேரம் அதற்கும் மேல். இதை யாராவது எழுத்தில் வைக்க வேண்டும்.

பாலக்கோடு அம்மா:

எல்லோருக்கும் நன்றி. பிள்ளைகள் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். கோட்டின் மேல் பெருவட்டத் தூரம், கீழே சாலைத் தூரம் வேறு நிறத்தில். பெங்களூருவை மையமாக வைத்து 150 கி.மீ. வட்டம், அது தொப்பூரை ஒட்டிப் போகும் இடத்தில் ஒரு குறி. பூசணிக்காயும் மேசையில் இருக்கும்.

மீதிக் கோடுகளை வாத்தியார் ஐயா முறையிலேயே போட்டிருக்கிறாள். சேலம் – கோவை 139.4. சென்னை – சேலம் 265.4. சென்னை – பெங்களூரு 268. கடைசி இரண்டும் இவ்வளவு நெருக்கமாக வந்ததில் அவளுக்குச் சந்தேகம். ஐயா ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும். கோவைக்கு 11.030, 77.043 என்றும் சென்னைக்கு 12.994, 80.171 என்றும் எடுத்தாள்.

கணக்கு வாத்தியார் (கிருஷ்ணகிரி):

மூன்றும் சரி. சந்தேகப்பட்டது நல்லது, ஆனால் விடையில் குறை இல்லை. சென்னையும் பெங்களூருவும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருப்பதால் 268 முழுவதும் கிட்டத்தட்ட கிழக்கு–மேற்குத் தூரமே, வடக்கு–தெற்கு வெறும் 22.7தான். சேலத்துக்குக் கிழக்கு–மேற்கு 228.7ஆகக் குறைகிறது, தெற்கே 134.7 கூடுகிறது. வர்க்கப்படுத்திக் கூட்டும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

பெங்களூரு – கோவைக் கோடு விடுபட்டிருக்கிறது. 252க்கு அரை கிலோமீட்டர் குறைவாக வர வேண்டும். நடு அட்சரேகையை அந்த இரண்டு ஊர்களுக்கும் புதிதாகக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பழைய 0.976ஐ எடுத்துப் போட வேண்டாம்.